அப்பா ராத்திரி என்ன சாப்பிடுகிறார்?

கேள்வி: வயது 36. ஒரு வருடமாகக் கொரியன் சீரியல் பைத்தியம். 'ரிப்ளை 1988' மட்டும் மூன்று தடவை பார்த்துவிட்டேன். அதன் நாயகி தொக்சனின் அப்பா வந்தாலே அழுகைதான். நம் வீடுகளில் ஏன் அந்தப் பாசம் இல்லை? அம்மா தவறிய பிறகு ஊரில் தனியாக இருக்கும் என் அப்பா, சரியாக சீரியல் நேரத்தில், எட்டரைக்குப் போன் போட்டு 'சாப்ட்டியாம்மா?' என்பார். வேறு பேச்சே கிடையாது. எனக்கு மட்டும் ஏன் இந்த வெறுமை?
- வாசகி, திருப்பூர்

பதில்: வெறுமை கிடக்கட்டும். அந்த எட்டரை மணி போனுக்கு வாருங்கள். அதைப் போய்ப் புகாராக எழுதியிருக்கிறீர்களே!

2015-ல் வந்த அந்தத் தொடரை நானும் பார்த்தேன், 20 பகுதியும். சியோலில் ஒரு சந்து, ஐந்து குடும்பம். பொழுது சாய்ந்தால் ஒரு வீட்டுப் பதார்த்தம் அடுத்த வீட்டுக்குப் போகும், அங்கிருந்து வேறொன்று வரும். கிண்ணம் தூக்கியே பிள்ளைகளுக்குக் கால் ஓய்ந்துவிடும். தொக்சனின் அப்பா நண்பனுக்கு ஜாமீன் போட்டுக் கடனில் விழுந்தவர். தரைக்குக் கீழே பாதி இறங்கிய வீட்டில் குடித்தனம். அக்கா பிறந்தநாளோடு தன்னுடையதையும் சேர்த்து முடித்துவிடுகிறார்கள் என்று தொக்சன் வெடித்து அழுத பிறகு, தனியாக ஒரு கேக் வாங்கி வந்து, எனக்கும் அப்பாவாக இருப்பது இதுதான் முதல் தடவை என்கிறார். எனக்கும் தொண்டை அடைத்தது.

ஆனால் அந்த ஊர்த் தொடர்களில் ஓயாமல் காதில் விழுவது என்ன? 'பாப் மொகொஸ்ஸோ?' பாப் என்றால் சோறு. சாப்பிட்டாயா என்பதுதான் அங்கே நலம் விசாரிப்பு. அதை சப்டைட்டிலில் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறீர்கள். அதே கேள்வியைப் பெற்றவர் தமிழில் கேட்டால் 'வேறு பேச்சே கிடையாது'!

நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அப்பா ராத்திரி என்ன சாப்பிடுகிறார் என்று ஒரு வரி இல்லை. அவருக்கு உலை வைக்கத் தெரியுமா? அம்மா இருந்தவரை அடுப்படிப் பக்கம் எட்டியாவது பார்த்திருப்பாரா? கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் என்ன பொறுப்பு என்று கேட்கிற கூட்டம் இன்னும் இருக்கிறது. நான் அந்தக் கட்சி இல்லை. உங்களுக்கும் அந்தச் சாக்கு வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போங்கள். அதற்கு முன்னால், இன்றைக்கு எட்டரைக்கு போன் வரும். சீரியலை நிறுத்திவிட்டு எடுங்கள். 'நீங்க என்னப்பா சாப்ட்டீங்க?' என்று கேளுங்கள். 'ரசம்தாம்மா' என்பார். என்ன ரசம், எப்படி வைத்தார் என்று கேளுங்கள்.