கேளுங்க, சொல்றேன்: பிரைமர் மலிவாவும் இருக்கணும், வெடிக்கவும் செய்யணும்

போன இதழ்ல டெக்ஸாஸ்ல மக வீட்ல நாலு மாசம் இருந்துட்டு வந்த கதைய எழுதிருந்தேன்ல, அதுல கராஜ்ல மாப்ள பிஸ்டல் தோட்டா ரீலோட் பண்றத கூட உக்காந்து பாத்தேன்னு ஒரே ஒரு வரிதான் எழுதுனேன், இந்த மாசம் வந்த கேள்வில முக்கால்வாசி அந்த ஒரு வரிக்குத்தான். தெரியாதவங்களுக்கு: ரீலோட்னா சுட்டு முடிச்ச காலி கூட்ட (அதுதான் கேஸ்) எடுத்து, புது பிரைமர், பவுடர், புல்லட் போட்டு மறுபடி தோட்டாவாக்குறது, அதுக்கான கை மெஷின்தான் பிரஸ். பிரைமர்ங்கிறது கேஸோட அடில ஒக்கார்ற சின்ன கப்பு, துப்பாக்கியோட பின்னு அடிச்சா அது வெடிச்சுத்தான் பவுடர பத்த வெக்கும். ஆர்மில ஆர்மரரா, அதாவது துப்பாக்கி பராமரிக்கிற ஆளா இருந்து ரிட்டயர்டு ஆனவன்கிறதால நமக்கும் கை சும்மா இருக்காது. சமையல் குறிப்பு கேட்டவங்க கோவிச்சுக்காதீங்க, அடுத்த மாசம் பாப்போம்.

அண்ணே, எனக்கு சொந்த ஊரு திருநகர், இப்ப டல்லாஸ்ல வேலை. லைசென்ஸ் உள்ள ரேஞ்ச்ல 9 எம்எம் சுடுறேன், மாசம் முந்நூறு ரவுண்டு ஆகுது, அதனால வீட்லயே ரீலோட் பண்ண ஆரம்பிச்சுட்டேன். காலி கேஸ் ரேஞ்ச்லயே பொறுக்கிக்கிறேன், பிரைமர் விலைதான் இடிக்குது. எந்த கம்பெனி மலிவு, எத நம்பி வாங்கலாம்?

தம்பி, கம்பெனி பேர கடைசில சொல்றேன், மொதல்ல ஒரு கதை. மாப்ளயும் ஒங்கள மாதிரித்தான், எங்கிட்டோ சல்லிசா வருதுன்னு வெளிநாட்டு பிரைமர் ஆயிரம் வாங்குனாரு, பேரு வேணாம். மொத நூறுல ஆறு வெடிக்கல. "மாமா, காச தண்ணில போட்டுட்டேன்"னு பொலம்புறாரு. நான் அந்த ஆறையும் வாங்கி மறுபடி சேம்பர்ல போட்டு ரேஞ்ச்லயே சுடச் சொன்னேன், அஞ்சு வெடிச்சிருச்சு. ரெண்டாவது அடில வெடிக்குதுன்னா அது பெரும்பாலும் பிரைமர் மேல குத்தம் இல்ல தம்பி, அது பாக்கெட்ல, அதாவது கேஸோட அடில அதுக்குன்னு இருக்குற குழில, அடி வரைக்கும் ஒக்காரல. மொத அடில பின்னோட வேகம் எல்லாம் பிரைமர உள்ள தள்றதுலயே போயிருது, ரெண்டாவது அடிக்குத்தான் அது எதுலயாவது முட்டி நசுங்கி வெடிக்கும். அன்னைக்கு ராத்திரி பிரஸ் லீவர நான் புடிச்சு பாத்தேன், மாப்ள பூவ தொடுற மாதிரி தொட்டுட்டு விட்டுர்றாரு. ஆறாவது எதுக்கு வெடிக்கலன்னு கடைசி வரைக்கும் தெரியல, அத விடுங்க.

அதனால ஒக்கார வெக்கிறத மொதல்ல சரி பண்ணுங்க. பிரைமர் கேஸோட அடிமட்டத்துக்கு சமமா கூட இல்ல, ஒரு மயிரிழை உள்ள இருக்கணும், ஒரு இன்ச்ல ஆயிரத்துல மூணு நாலு பங்கு. அளக்கெல்லாம் வேணாம், விரல் நுனிய வெச்சு தடவுனா குழி தெரியணும், மேடு தெரியக்கூடாது. இன்னொன்னு, தோட்டாவ கண்ணாடி மேல நிக்க வெச்சு பாருங்க, ஆடுச்சுன்னா பிரைமர் துருத்திட்டு நிக்குது. துருத்துன பிரைமர் வெடிக்காம போறதோட நிக்காது, ஸ்லைடு (பிஸ்டல் மேல முன்னும் பின்னும் ஓடுற பகுதி) மூடுற வேகத்துல தானா வெடிக்கவும் வாய்ப்பு இருக்கு. துருத்துதேன்னு பவுடர் போட்டு முடிச்ச தோட்டாவ மறுபடி பிரஸ்ல வெச்சு அமுக்காதீங்க.

ஒரு தோட்டா வெடிக்கலன்னா ஒடனே ஸ்லைட இழுத்து வெளிய எடுத்துராதீங்க, குழல டார்கெட் பக்கமே வெச்சு முப்பது செகண்ட் நில்லுங்க, லேட்டா வெடிக்கிறதும் உண்டு. அத விட மோசம் டப்புன்னு சின்னதா சத்தம் வர்றது. பவுடர் போட மறந்த தோட்டால பிரைமர் மட்டும் வெடிச்சு புல்லட்ட குழலுக்குள்ள பாதி வழில சொருகி வெச்சிரும், அடுத்தத சுட்டீங்கன்னா குழல் கிழியும், கையும் போகும். சத்தம் கொறைஞ்சா நிறுத்திட்டு குழல பாக்கணும்.

சரி கம்பெனிக்கு வருவோம். 9 எம்எம்முக்கு வேணுங்கிறது ஸ்மால் பிஸ்டல் பிரைமர். சிசிஐ 500, ஃபெடரல் 100, வின்செஸ்டர் ஸ்மால் பிஸ்டல், ரெமிங்டன் ஒன்றரை, இந்த நாலும் அங்க ரொம்ப நாளா ஓடுறது, ஒழுங்கான துப்பாக்கில நாலுமே வெடிக்கும். வித்தியாசம் கப்போட கடினத்துல. ஃபெடரல் மெத்து, லேசான அடிக்கே வெடிக்கும், அதனாலதான் டிரிக்கர் லேசா இருக்கணும்னு ஸ்பிரிங்க மாத்துன போட்டிக்காரங்க அதையே தேடி அலையறாய்ங்க. சிசிஐ கொஞ்சம் கெட்டி. நீங்க ஸ்பிரிங் எதையும் மாத்தலன்னா கெட்டியா மெத்தான்னு கவலையே வேணாம், எது மலிவா கெடைக்குதோ அது. ஸ்பிரிங்க மாத்திட்டு பிரைமர திட்டுறது வாசல்ல பள்ளம் வெட்டிட்டு வர்றவன பாத்து நடக்கத் தெரியலன்னு சொல்ற கதை. ஃபெடரல் டப்பா மட்டும் ஏன் அம்புட்டு பெருசா இருக்குன்னு நெனைச்சிருப்பீங்க, ஒண்ணோட ஒண்ணு நெருங்காம தள்ளித் தள்ளி அடுக்கிருப்பாங்க. சில பிரைமிங் டூல்ல அத போடாதீங்கன்னு டூல் செய்றவங்களே எழுதி வெச்சிருக்காங்க, ஒங்க பிரஸ்ஸோட மேனுவல ஒரு தடவ பாத்துக்கங்க.

வெளிநாட்டு சரக்குல செக் நாட்டு செல்லியர் பெல்லோ, இத்தாலி ஃபியோக்கி, பாஸ்னியால இருந்து வர்ற ஜினெக்ஸ் எல்லாம் விலை கம்மியா வரும், அதுக்காக மட்டம்னு அர்த்தம் இல்ல, சிலது பாக்கெட்ல கொஞ்சம் இறுக்கமா போகும், கைக்கு பழகணும். எதுவா இருந்தாலும் மொதல்ல நூறு வாங்கி ஒங்க பிஸ்டல்ல சுட்டு பாத்துட்டு அப்புறம் அஞ்சாயிரத்துக்கு போங்க. பிராண்ட மாத்துனா பவுடர் அளவ ரீலோடிங் மேனுவல்ல போட்டுருக்குற ஆரம்ப அளவுக்கு இறக்கி மறுபடி ஏறி வாங்க, பழைய அளவுலயே ஓட்டாதீங்க. டப்பால மேக்னம்னு போட்ட பிரைமர் சூடு ஜாஸ்தி, சாதாரணத்துக்கு பதிலா அத அப்படியே போடக்கூடாது.

விலைய பொறுத்தவரை, 2020க்கு முன்னாடி ஆயிரம் 30 டாலர் பக்கம் கெடைச்சது, கொரோனா சமயத்துல கடைல இல்லவே இல்ல, இருந்த எடத்துலயும் 100 டாலருக்கு மேல போச்சு, இப்ப எறங்கிருக்கு, ஆனா பழைய விலைக்கு வரல. இங்கதான் நெறைய பேர் ஏமாறுறாய்ங்க: ஆன்லைன்ல வாங்குனா வெடிபொருள் அனுப்புற கட்டணம்னு தனியா ஒண்ணு போடுவாங்க. அது 30 டாலர்னு வெச்சுக்கங்க, ஆயிரம் வாங்குனா ஒரு பிரைமருக்கு 3 சென்ட் ஏறிருது, அஞ்சாயிரம் வாங்குனா ஒரு சென்ட் கூட ஏறாது. அதனால ஆயிரம் வேணும்னா பக்கத்து கடைல போய் வாங்குங்க, ஆன்லைன்னா நாலு பேரு சேந்து ஆர்டர் போடுங்க. ஆடித் தள்ளுபடில பஸ் சார்ஜ் குடுத்து டவுனுக்குப் போயி ஒரு துண்டு வாங்குன கணக்கா ஆயிரக்கூடாது.

பொறுக்குற கேஸையும் பாத்து பொறுக்குங்க. மிலிட்டரி கேஸ்ல பிரைமர் வெளிய வரக்கூடாதுன்னு சுத்தி ஒரு விளிம்பு நசுக்கி வெச்சிருப்பாங்க, அத எடுக்காம புது பிரைமர் போட்டா நசுங்கும். சிலதுல உள்ள ரெண்டு ஓட்டை இருக்கும், அது பெர்டான், ஒங்க பிரஸ்ல பழைய பிரைமர வெளிய தள்ளுற பின்னு ஒடையும், தூக்கிப் போட்ருங்க. நடுவுல ஒரே ஓட்டை இருந்தா பாக்ஸர், அதுதான் ஒங்களுக்கு. பாக்ஸர் இங்கிலாந்துக்காரரு, பெர்டான் அமெரிக்காக்காரரு, ரெண்டும் 1866 வாக்குல வந்தது, ஆனா அமெரிக்கா புடிச்சுக்கிட்டது பாக்ஸர, ஐரோப்பால பெருசா ஓடுனது பெர்டான். மாப்ள எடுத்தாச்சு பொண்ணு குடுத்தாச்சு மாதிரி.

ஸ்மால் பிஸ்டல் கெடைக்கலன்னா ஸ்மால் ரைபிள் பிரைமர் போடலாமா? 45 பிஸ்டல் தோட்டாவும் நானே பண்றேன், அதுக்கு லார்ஜ் ரைபிள்? (இதுவும் திருநகர் தம்பிதான், பின்குறிப்பா)

ஸ்மால் ரெண்டும் ஒரே சைஸ், குறுக்களவு 0.175 இன்ச், ஆனா ரைபிளோட கப்பு தடிமன், ஒங்க பிஸ்டல் அடி பத்தாம போகலாம், பஞ்ச காலத்துல சில பேரு போட்டாங்க, மேனுவல்ல ஒங்க லோடுக்கு இருந்தா மட்டும். லார்ஜ் ரைபிள் கூடவே கூடாது, குறுக்களவு ஒண்ணுதான், 0.210, ஆனா ஒயரம் ஜாஸ்தி, பிஸ்டல் கேஸ்ல துருத்திட்டுத்தான் நிக்கும். 45 ஏசிபி கேஸ்ல சிலது ஸ்மால் பிரைமர் பாக்கெட்டோட வருது, கலந்து கெடக்கும், ஒக்காந்து பிரிச்சு வெச்சுக்கங்க, எங்க ஆத்தா அரிசில கல்லு பொறுக்குன மாதிரி.

ஐயா, ஒத்தக்கடைல இருந்து எழுதுறேன். என்கிட்ட லைசென்ஸோட 32 பிஸ்டல் இருக்கு. தோட்டா விலை கட்டுபடியாகல. அந்த மெஷின வரவழைச்சு இங்க வீட்ல பண்ணலாமா?

பண்ணாதீங்க. நீங்க வெச்சிருக்குறது வெச்சிருக்குறதுக்கான லைசென்ஸ், செய்றதுக்கானது இல்ல. 1959 ஆயுதச் சட்டத்துல 5வது பிரிவு, தோட்டா தயாரிக்க தனி லைசென்ஸ் வேணும்னு சொல்லுது. அது இல்லாம செஞ்சா 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஏழு வருச ஜெயில்ல ஆரம்பிச்சு ஆயுள் வரைக்கும் போகுது. தோட்டாங்கிறதுக்கு அந்தச் சட்டம் குடுக்குற அர்த்தத்துலயே அதோட பாகங்களும் வருது, செய்ற மெஷினும் வருது, அதனால "வெறும் பிரஸ்தானே சார்"னு கஸ்டம்ஸ்ல நின்னு பேச முடியாது. தோட்டாவ டீலர்கிட்ட பில்லோட, லைசென்ஸ் புக்குல எழுதித்தான் வாங்கணும், சந்தேகம் இருந்தா கலெக்டர் ஆபீஸ்ல ஆயுத லைசென்ஸ் பிரிவுல கேளுங்க. பழக்கம் விட்டுறக்கூடாதுன்னா 4.5 எம்எம் ஏர் பிஸ்டல் வாங்கி பத்து மீட்டர்ல சுடுங்க, சக்தி 20 ஜூலுக்கு உள்ள இருக்குறதுக்கு லைசென்ஸ் தேவையில்ல, பெல்லட் விலையும் சில்லற. அதுல பிரைமரே இல்ல, காத்துதான்.

சார், நான் காலேஜ் படிக்கிறேன், கிளப்ல 22 சுடுறோம். காலி கேஸ் மூட்டை மூட்டையா கெடக்கு. வெளிநாட்ல ரீலோட் பண்றவங்க 22ஐ ஏன் பண்றதில்ல?

நல்ல கேள்விப்பா. 22ல தனி பிரைமரே கெடையாது. மருந்த ஈரமா உள்ள விட்டு, கேஸ சுத்தி விட்டு, அடிவிளிம்புக்குள்ள பரவ வெச்சு காய வெக்கிறாங்க, பின்னு நடுவுல அடிக்காது, விளிம்புலதான் நசுக்கும். ஒரு தடவ நசுங்குன விளிம்புக்கு மறுவாழ்வு இல்ல. காலி கேஸ எடுத்துப் பாரு, ஓரத்துல ஒரு தழும்பு இருக்கும். அத கிளப்ல கணக்கு காட்டி ஒப்படைச்சிரு, ஆர்மில அத கோக்காம்போம், ஒரு கோக்கா கொறைஞ்சாலும் வெயில்ல ரேஞ்ச் பூரா தவழ விடுவாங்க.

பழைய ஸ்டாக், கொரோசிவ் பிரைமர் போட்ட தோட்டா பாதி விலைக்கு வருதுன்னு ஹூஸ்டன்ல இருக்குற என் தம்பி சொல்றான். வாங்கலாமா? – திருப்பரங்குன்றம் வாசகர்

பழைய மருந்துல பொட்டாசியம் குளோரேட் இருக்கும், வெடிச்சதும் குழல்ல ஒரு உப்பு தங்கும். மழைக்காலத்துல உப்பு ஜாடி நசநசன்னு ஆகுதுல்ல, அதே கதை, ஈரத்த இழுத்து துரு ஏறிரும். வெறும் எண்ணெய் போட்டா போகாது, தண்ணி ஊத்தி கழுவி, காய வெச்சு, அப்புறம்தான் எண்ணெய். ஹூஸ்டன் காத்துல வேற ஈரம் ஜாஸ்தி. அன்னைக்கே கழுவுற ஆளா இருந்தா வாங்கட்டும். சாப்ட்ட தட்டையே மறுநாள் கழுவுற ஆளுன்னா வேணாம்.

அண்ணே, மேலூர்ல இருந்து ஒரு அம்மா. என் மகனும் அமெரிக்கால இதத்தான் பண்றான், வீட்ல ரெண்டு வயசு பேத்தி. போன்ல பாத்தேன், பிரைமர ஊறுகா பாட்டில்ல கொட்டி வெச்சிருக்கான். பயமா இருக்கு. அடுத்த மாசம் லீவுக்கு வேற வர்றான்.

அக்கா, நீங்க பயப்படுறது சரி. இன்னைக்கே போன் போட்டு அந்த பாட்டில காலி பண்ணச் சொல்லுங்க. பிரைமர் ஒண்ணொண்ணா கம்பெனி டப்பால தனித்தனியா ஒக்காந்திருக்குறதே ஒண்ணு வெடிச்சா பக்கத்துல உள்ளதுக்கு தாவக்கூடாதுன்னுதான். மொத்தமா கொட்டி குலுக்குனா எல்லாம் ஒரே நேரத்துல போகும், கண்ணாடி பாட்டில்னா சில்லு வேற. இரும்புப் பெட்டில இறுக்கி மூடி வெக்கிறதும் தப்பு, தீப்புடிச்சா அது குண்டு மாதிரி. வந்த டப்பாலயே, மர அலமாரில, பவுடர விட்டு தள்ளி, பூட்டி, பேத்திக்கு எட்டாத எடத்துல. வீட்ல 10,000க்கு மேல வெக்கக்கூடாதுன்னு அங்க தீயணைப்பு விதியே இருக்கு. அதோட இந்த மருந்துல ஈயம் இருக்கு அக்கா, வேலை முடிச்சதும் கைய சோப்பு போட்டு கழுவாம புள்ளைய தூக்கக்கூடாது, அந்த மேசைல காப்பி கூட குடிக்கக்கூடாது. கண்ணுக்கு கண்ணாடி போடாம பிரஸ்ல ஒக்காரவும் கூடாது. இத நான் சொன்னேன்னு சொல்லுங்க, அம்மா சொன்னா சிரிப்பான்.

லீவுக்கு வர்றதுல ஒரு விசயம். பிரைமர பிளைட்ல கைப்பைலயும் கொண்டு வர முடியாது, பெட்டிலயும் முடியாது. அத அவன் கொண்டு வர மாட்டான், சிக்குறது வேற மாதிரி, ரேஞ்சுக்கு தூக்கிட்டு போற பைலயே துணிய அடுக்கிருவாய்ங்க, அடில ஒரே ஒரு தோட்டா உருண்டு கெடக்கும், திரும்பிப் போறப்ப அவனியாபுரம் ஏர்போர்ட் ஸ்கேனர்ல அது பளிச்சுன்னு தெரியும், பிளைட்டும் போச்சு, போலீஸ் ஸ்டேசன், வக்கீலு. புது பெட்டி ஒண்ணு வாங்கி அதுல துணிய எடுத்துட்டு வரச் சொல்லுங்க.