செங்கடலில் கப்பலைத் தாக்கினால் எண்ணெய் விலை ஏன் ஏறுகிறது? எண்ணெய்க் கிணறுகளுக்கு ஒன்றும் ஆகவில்லையே?

கிணற்றில் எண்ணெய் குறைவதில்லை. வந்து சேரத் தாமதமாகிறது, செலவும் கூடுகிறது. 2023 நவம்பரில் ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் தாக்கத் தொடங்கிய பின் நடந்தது இதுதான்.

முதலில் ஏறியது காப்பீடு. போர் அபாயப் பிரீமியத்தைக் கப்பல் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று ஒவ்வொரு பயணத்துக்கும் தனியாகப் போடுவார்கள். 0.1-க்கும் கீழே இருந்தது, 2024 தொடக்கத்தில் 0.7 முதல் 1 சதவீதம் வரை போனது. கப்பல் மதிப்பு 8 கோடி டாலர் என்று வைத்தால், 0.7 சதவீதம் 5.6 லட்சம் டாலர். அதில் 10 லட்சம் பீப்பாய் இருந்தால் பீப்பாய்க்கு 56 சென்ட். அவ்வளவுதான்!

பெரிய அடி தூரத்தால் விழுகிறது. செங்கடலைத் தவிர்த்து, ஆப்பிரிக்காவின் தென்கோடியில் உள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்றினால் வளைகுடாவிலிருந்து ஐரோப்பா போக ஏறக்குறைய இரண்டு வாரம் கூடுதல். அதே சரக்கைக் கொண்டுபோக அதிகக் கப்பல் வேண்டும், வாடகை எகிறும். வளைகுடா, இந்திய டீசலை வாங்கும் ஐரோப்பாவுக்கு இது கச்சா எண்ணெயைவிட டீசலில்தான் அதிகம் உறைத்தது. ரஷ்யக் கச்சா எண்ணெயோ பெரும்பாலும் அதே செங்கடல் வழியாகவே இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தது.

இருந்தும் 2024-இல் பிரென்ட் (உலகச் சந்தையில் அளவுகோலாக வைக்கும் கச்சா எண்ணெய்) பீப்பாய்க்கு 100 டாலரைத் தொடவில்லை. மாற்றுவழி இருந்தது, சவுதியிடம் உபரி உற்பத்தித் திறனும் இருந்தது, சீனாவின் தேவையும் மந்தம்.

பாரசீக வளைகுடாவின் வாயிலில் உள்ள ஹோர்முஸ் நீரிணையின் கதை வேறு. 2024-இல் தினமும் சுமார் 2 கோடி பீப்பாய் அதன் வழியே போனது. சவுதியின் யான்பு, அமீரகத்தின் ஃபுஜைரா துறைமுகங்களுக்குப் போகும் எண்ணெய்க் குழாய்களால் அதில் ஒரு பகுதியைத்தான் திருப்பிவிட முடியும். குவைத்துக்கு அதுவும் கிடையாது.