செவ்வாய் வரை மூச்சும் தண்ணீரும்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பெங்களூரில் நம் தமிழ் அறிவியல் வட்டத்தில் நீண்ட விண்பயணத்துக்கான உயிர்காப்பு அமைப்பு, அதாவது விண்கலத்தில் காற்றும் தண்ணீரும் கொடுக்கும் கருவிகள் பற்றிப் பேசினேன். அன்று நேரம் போதாமல் நின்றுபோன கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பீனியாவில் பம்பும் வால்வும் சோதிக்கும் வேலை எனக்கு. அதனால் எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் 'இது பழுதானால் யார், எதை வைத்துச் சரிசெய்வார்கள்' என்றுதான் முதலில் கேட்பேன்.

ஜாலஹள்ளி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: தேவையானதையெல்லாம் இங்கிருந்தே ஏற்றிக்கொண்டு போனால் என்ன?

ஐயா, கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 0.84 கிலோ ஆக்சிஜன் வேண்டும். நான்கு பேர், போய்வர 900 நாள் என்றால் 3 டன். குடிக்க, சமைக்க, உடம்பு துடைக்க ஆளுக்கு மூன்றரை லிட்டர் தண்ணீர் என்று வைத்தால் 12.6 டன். தொட்டிகளின் எடை தனி. ககன்யான் மாதிரி மூன்று நாள் பயணத்துக்கு ஏற்றிக்கொண்டு போவதே நல்லது. செவ்வாய்க்கு என்றால் தண்ணீரைச் சுழற்சியில் விடாமல் முடியாது. ஆக்சிஜன் விஷயத்தில் மட்டும் சில மாதத்துக்கானதைத் தொட்டியில் வைத்திருக்கவே சொல்வேன். தொட்டியில் கெட்டுப்போக அதிகம் ஒன்றும் இல்லை.

ஒயிட்ஃபீல்டு, அடுக்ககச் சங்கச் செயலாளர்: எங்கள் எஸ்.டி.பி.யும் கழிவுநீரைச் சுத்தம் செய்கிறதே. விண்வெளியில் மட்டும் ஏன் இவ்வளவு பாடு?

உங்கள் எஸ்.டி.பி.யில் பாதி வேலையைப் புவியீர்ப்பே செய்துவிடுகிறது, சார். கசடு தானாக அடியில் படியும், குமிழி தானாக மேலே வரும். விண்வெளி நிலையத்தில் இரண்டும் நடக்காது. அதனால் சிறுநீரைச் சுழலும் உருளைக்குள் விட்டு, குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கிப் பிரிக்கிறார்கள்.

அந்தக் கருவி 2008-இல் மேலே போனது. சிறுநீரில் 85 சதவீதத்தைத் தண்ணீராக மீட்பதுதான் திட்டம். ஆனால் உள்ளே கால்சியம் சல்பேட் படிந்து அடைத்துக்கொண்டது. எடையில்லாத நிலையில் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து சிறுநீரில் போகிறது. சிறுநீர் கெடாமலிருக்கச் சேர்த்த கந்தக அமிலம் சல்பேட்டைக் கொடுத்தது. இரண்டும் சேர்ந்து சுண்ணாம்புக் கட்டி மாதிரி உறைந்துவிட்டது. மீட்பை 70 சதவீதத்துக்குக் குறைத்து ஓட்டினார்கள். பிறகு கந்தக அமிலத்துக்குப் பதில் பாஸ்பாரிக் அமிலம் சேர்த்த பின்தான் பிரச்சினை தீர்ந்தது. தரையில் இருப்பவர்களின் சிறுநீரை வைத்து எவ்வளவு சோதித்தாலும் இது முழுசாகத் தெரிந்திருக்காது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பாடம் இதுதான்.

விவேக் நகர், கல்லூரி மாணவி: 2023-இல் விண்வெளி நிலையத்தில் 98 சதவீதம் தண்ணீரை மீட்டுவிட்டார்களே. அடுத்து 99-ஆ?

வேண்டாம்மா. மேலே போட்ட கணக்கையே எடுங்கள். 98 சதவீதம் மீட்டால், 12.6 டன்னில் இழப்பது 250 கிலோதான். 99 ஆக்கினால் சுமார் 125 கிலோ மிச்சம். அதற்காகச் சேர்க்கும் கருவியும் அதன் உதிரி பாகங்களும் 125 கிலோவுக்கு மேல் போனால் நமக்கு நஷ்டம். கூடவே பழுதாக இன்னொரு இயந்திரம் வேறு.

விண்வெளி நிலையம் நமக்கு மேலே 400 கிலோமீட்டரில் இருக்கிறது. ஒரு பம்ப் போனால் அடுத்த சரக்குக் கலத்தில் வந்துவிடும். செவ்வாய் வழியில் அந்த வசதி கிடையாது. எல்லாக் கருவிக்கும் தனித்தனி உதிரி கட்டிக்கொண்டு போனால் எடை எகிறும், எடைதான் செலவு. ஆகவே காற்றுக்கும் தண்ணீருக்கும் ஒரே மாதிரி பம்ப் பொருந்தாவிட்டாலும், மோட்டார், சென்சார், இணைப்பு, சீல் இவையாவது ஒரே அளவில் இருக்கட்டும். 1970-இல் நிலவுக்குப் போகும் வழியில் பழுதான அப்போலோ 13-இல், கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் லித்தியம் ஹைட்ராக்சைடு பெட்டி கட்டளைக் கலத்தில் சதுரம், நிலவுக் கலத்தினுடையது வட்டம். சதுரத்தை வட்டத்தில் பொருத்த பிளாஸ்டிக் பை, அட்டை, டேப் எல்லாம் தேட வேண்டியிருந்தது. முழுக் கருவியாக மாற்றாமல், உள்ளே இருக்கும் சின்னப் பாகத்தை மட்டும் விண்வெளி வீரரே கழற்றி மாட்டும்படி வடிவமைப்பதும் எடையைக் குறைக்கும்.

சி.வி. ராமன் நகர், மென்பொருள் ஊழியர்: வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைத் திரும்ப எடுக்க முடியாதா?

பாதி முடியும். சியோலைட் என்ற நுண்துளைக் கனிம மணிகள் அந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும், சூடாக்கினால் விட்டுவிடும். அதை ஹைட்ரஜனோடு சேர்த்தால் மீத்தேனும் தண்ணீரும் கிடைக்கும். இதற்கு சபாட்டியே வினை என்று பெயர். அந்தத் தண்ணீரை மின்சாரத்தால் பிரித்தால் ஆக்சிஜன் கிடைக்கும். மீத்தேனை வெளியே விடுவதால் அதிலுள்ள ஹைட்ரஜனும் போய்விடுகிறது, அதனால்தான் பாதி. இங்கேயும் தொல்லை சின்ன இடத்தில்தான்: மணிகள் உடைந்து தூளாகி வால்வுகளில் போய் உட்காரும்.

அல்சூர், இல்லத்தரசி: 2025-இல் நம் விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்தில் பயறும் வெந்தயமும் முளைக்கவைத்தாரே. செடிகளே காற்றைக் கொடுக்காதா?

கொடுக்கும் அம்மா, ஆனால் முழுதும் அதை நம்பிப் போக முடியாது. 1991-இல் அரிசோனாவில் பயோஸ்பியர் 2 என்ற மூடிய கண்ணாடிக் கூடத்தில் எட்டுப் பேர் இருந்தார்கள். ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து சுமார் 14.5-க்கு இறங்கியது. வளமான மண்ணின் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்றன. அவை விட்ட கார்பன் டை ஆக்சைடைச் சுவரின் கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டதால் காரணம் உடனே பிடிபடவில்லை. 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்தினார்கள். கீரைக்கும் மனசுக்கும் செடி வேண்டும், மூச்சுக்கு இயந்திரமும் தொட்டியும் இருக்கட்டும்.

எலகங்கா, பொறியியல் இறுதியாண்டு மாணவர்: குறைந்த செலவில் நாங்கள் என்ன பிராஜெக்ட் செய்யலாம், அண்ணா?

தம்பி, ஒரு சின்ன விசிறி, கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் சோடா லைம் வடிகட்டி, கார்பன் டை ஆக்சைடு சென்சார், இவை போதும். ஆள் யாரும் உள்ளே போக வேண்டாம், ஈஸ்ட் கலந்த சர்க்கரைத் தண்ணீரே வாயு கொடுக்கும். சோடா லைமை அவ்வப்போது மாற்றி, ஆறு மாதம் நிறுத்தாமல் ஓடவிடுங்கள். எது முதலில் பழுதானது, சரிசெய்ய எவ்வளவு நேரம், எந்தப் பாகம் கையில் இல்லாமல் தவித்தீர்கள் என்று தேதிபோட்டு எழுதுங்கள். சென்சார் கொஞ்சம் கொஞ்சமாகத் தப்புக் காட்டத் தொடங்கும், அதையும் விடாமல் குறியுங்கள். அப்புறம் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு பீனியாவுக்கு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.