வெள்ளிக்கிழமைக்குள் காசு கட்டச் சொல்கிறார் முகவர்: இது ஆண்டவர் திறந்த வழியா, சோதனையா?

கேள்வி: எனக்கு வயது 26. குருநகர்ப் பக்கம். ஹார்ட்வெயார் கடையொன்றில் வேலை. ஒரு முகவர் கனடாவுக்கு விசிட்டர் விசா எடுத்துத் தருவதாகவும் போய் இறங்கியதும் வேலை இருப்பதாகவும் சொல்கிறார். முற்பணம் 15 லட்சம் ரூபா, வெள்ளிக்கிழமைக்குள் கட்ட வேண்டும். தங்கச்சியின் கலியாணத்துக்கு வைத்திருக்கும் நகையை ஈடு வைத்தால் சமாளிக்கலாம். மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்து மூன்றாம் நாள்தான் அவர் போன் எடுத்தார். செபித்தபோது மனதில் சமாதானமும் வந்தது. அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. இதை நான் எப்படி எடுத்துக்கொள்வது?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தின் கடைசியில் அம்மாவைப் பற்றி எழுதிய அந்தச் சின்ன வரியில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் 1521இல் போரில் காலில் காயப்பட்டுப் படுக்கையில் கிடந்தபோது மனம் திரும்பியவர். மனதில் எழும் தூண்டுதல்களைப் பகுத்தறிவதற்கு அவர் எழுதிவைத்த விதிகளை அருட்தந்தையர் இன்றும் பயன்படுத்துகிறார்கள். சோதிக்கிறவன் தன் பேச்சு இரகசியமாகவே இருக்க விரும்புகிறான், நல்ல ஆன்ம குருவிடம் அதைச் சொன்ன உடனே அவன் திட்டம் குலைந்துவிடுகிறது என்பது அவற்றில் ஒன்று. நீங்கள் ஏன் அம்மாவுக்குச் சொல்லவில்லை? அவ அழுவா என்றா, அல்லது நீங்கள் பதில் சொல்ல முடியாத கேள்வியொன்றைக் கேட்பா என்றா? இரண்டாவதுதான் காரணமென்றால், அந்தக் கேள்வி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

அடுத்தது, அந்தச் சமாதானம். கதவு திறந்ததையும் மனம் அமைதியானதையும் இறைசித்தத்தின் அடையாளமாக எடுப்பது எங்கள் சனத்திடம் நிறைய உண்டு. யோனா ஆகமத்தின் முதல் அதிகாரத்தை வாசியுங்கள். ஆண்டவர் அனுப்பிய நினிவேக்குப் போகாமல் தப்பி ஓடிய யோனாவுக்கு யோப்பாத் துறையில் தர்சீசுக்குப் போகும் கப்பல் ஆயத்தமாக நின்றது. கையில் கூலிக்குக் காசும் இருந்தது. புயல் அடித்தபோது கப்பலின் அடித்தளத்தில் நன்றாக நித்திரையும் கொண்டார். எல்லாம் பொருந்தி வந்தது, ஆனால் போன திசைதான் பிழை.

இஞ்ஞாசியார் படுக்கையில் கண்டுகொண்டதும் இதற்கு நெருக்கமானது. வீரப் புகழைக் கனவு கண்டபோது அவருக்கு மனம் இனித்தது. கனவு முடிந்ததும் வறண்டது. புனிதர்களின் வழியில் நடப்பதை நினைத்தபோது வந்த மகிழ்ச்சியோ பிறகும் தங்கியது. எனவே உங்கள் சமாதானம் எவ்வளவு நேரம் தங்கியது என்று பாருங்கள். இரவு இரண்டு மணிக்கு விழித்து அந்த நகைப் பெட்டியை நினைக்கும்போதும் அது இருக்கிறதா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தேவாலய உச்சியில் இருந்து குதிக்கச் சொல்லும்போது சாத்தான் திருப்பாடல் 91ஐயே எடுத்துக் காட்டினான்: தூதர்கள் தாங்கிக்கொள்வார்களாம். ஆண்டவரைச் சோதிக்கக் கூடாது என்ற வேதவாக்கால் இயேசு அதை மறுத்தார். 'மாதா பார்த்துக்கொள்வா' என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு காசைக் கட்டுவது விசுவாசமாகாது. நேர்த்தி நல்லது, ஆனால் முகவரின் வார்த்தைக்கு அது பிணை நிற்காது.

கோபுரம் கட்ட நினைப்பவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டாரா என்று லூக்கா 14இல் இயேசு கேட்கிறார். நீங்களும் உட்காருங்கள். கனடிய விசிட்டர் விசாவுக்கு அரசாங்கக் கட்டணம் 100 கனடிய டொலர், கைரேகை எடுக்க 85 டொலர். எங்கள் காசில் சில பத்தாயிரம் ரூபா. மிச்சம் எதற்கு? விசிட்டராகப் போனவர் வேலை அனுமதிப்பத்திரம் இல்லாமல் அங்கே வேலை செய்ய முடியாது. விசா கொடுப்பதா இல்லையா என்பது கனடிய அதிகாரியின் முடிவு, எந்த முகவராலும் உறுதி தர இயலாது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு எடுத்து, அவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். கனடா போகவென்று புறப்பட்டு, 2022 நவம்பரில் பழுதான கப்பலில் தத்தளித்து, மீட்கப்பட்டு வியட்நாமில் இறக்கப்பட்ட முந்நூறுக்கும் மேற்பட்ட இலங்கையரை மறந்திருக்க மாட்டீர்கள். போய்ச் சேர்ந்தவர்களின் நன்றிப் பூசையைத்தான் எங்கள் கோயில்களில் காண்கிறோம். நடுவழியில் மாட்டுப்பட்டவர்களின் வீடுகள் கதைப்பதில்லை. இதை எங்கள் பங்குகள் வாய் திறந்து பேச வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வெளிநாடு போக ஆசைப்படுவது பாவமில்லை. யாக்கோபு தன் திருமுகத்தில் ஆசையையே பாவமென்று சொல்லவில்லை. ஆசை ஒருவரை இழுத்து மயக்கி, கருவுற்று, பிறகுதான் பாவத்தைப் பெற்றெடுக்கிறது என்கிறார். அந்த இடைவெளியில்தான் விசுவாசத்துக்கு வேலை. உங்கள் விசயத்தில் அது தங்கச்சியின் நகையில் வந்து நிற்கிறது. அவவுக்கென்று வைத்ததை அவவிடம் கேட்காமல் எடுத்தால், கனடா கிடைத்தாலும் அது பிழைதான்.

இந்தக் கிழமை முகவரிடம் 'இரண்டு கிழமை கழித்துச் சொல்கிறேன்' என்று மட்டும் சொல்லுங்கள். நேர்மையான வழியென்றால் அது இரண்டு கிழமை பொறுக்கும். இன்றிரவே அம்மாவையும் தங்கச்சியையும் இருத்தி எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஞாயிறு பூசை முடிய பங்குத்தந்தையிடம் போங்கள். ஆசீர் வாங்கிக்கொண்டு திரும்பிவிடாமல், கணக்கு எழுதிய தாளையும் அவருக்குக் காட்டுங்கள். செபிக்கும்போது இஞ்ஞாசியார் சொன்ன ஒரு முறையைச் செய்து பாருங்கள்: முன்பின் தெரியாத ஒரு பெடியன் இதே கேள்வியோடு உங்களிடம் வந்தால், அவனுக்கு என்ன சொல்வீர்கள்? அதையே நீங்களும் செய்யுங்கள்.

ஒருவேளை எனக்கு எழுதிய பிறகு காசைக் கட்டிவிட்டீர்கள் என்றால், வெட்கத்தில் அதையும் மறைக்காதீர்கள். பாவசங்கீர்த்தனத்துக்குப் போங்கள், வீட்டாருக்குச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டு, வங்கி ரசீது, வட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு பணியகத்திலும் பொலிஸிலும் முறைப்பாடு கொடுங்கள். மேலும் காசு கேட்டால் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். கடவுச்சீட்டு அவரிடம் இருந்தால் அதை முதலில் திருப்பிக் கேளுங்கள்.