கிணறு கரித்துப்போன ஊர் – ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சிமடத்தில் பிறந்து ராமேஸ்வரத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். வந்த புதிதில் குடிக்க, சமைக்க எல்லாம் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்தான். இப்போது தெருவின் இரண்டு பக்கமும் லாட்ஜ். கிணறு கரித்துவிட்டது. குடிக்கிற தண்ணீரைக் குடத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்குகிறோம். "இந்த ஊர் கிராமமாவே இருந்திருக்கலாம்" என்று மாமியார் தினமும் புலம்புகிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் மாமியாரின் வருத்தம் எனக்கும் உண்டு. ஆனாலும் கிராமமாகவே இருந்திருக்கலாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. காரணம் என் அத்தை.

சாலைப் பாலம் 1988-இல்தான் வந்தது. அதற்கு முன்னால் தீவைவிட்டு வெளியே போக ரயில், இல்லாவிட்டால் தோணி. எனக்குப் பத்து வயதிருக்கும். கார்த்திகை மாதத்து இரவு ஒன்றில் அத்தைக்கு வலி கண்டது. இங்கே பார்க்க முடியாது, ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பேய்க்காற்று, தோணி எடுக்க ஒருவரும் துணியவில்லை. விடியற்காலை ரயிலுக்காக ஸ்டேஷன் பெஞ்சில் அத்தையைப் படுக்கவைத்துக் காத்திருந்தோம். அத்தை பிழைத்தாள், பிள்ளை தங்கவில்லை. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்களே, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை தீவுக்கு ரயிலே கிடையாது. அந்த இரண்டு வருஷமும் நான் அத்தையைத்தான் நினைத்துக்கொண்டேன். சாலை இருந்ததால் யாரும் அப்படி ஒரு பெஞ்சில் விடிய விடியக் கிடக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. நம் ஊர் பெரிய ஊராக வேண்டும் என்று யாரும் திட்டம் போட்டதில்லை. 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தபோது முக்கியப் பாதை போனது தனுஷ்கோடிக்கு. அங்கிருந்து இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல். பாம்பனில் பிரிந்து ராமேஸ்வரம் வந்தது வெறும் கிளைப் பாதை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கே ரயில் நிற்பதைக்கூட நிறுத்திவிட்டார்கள். ஓடும் ரயிலிலிருந்து வீசிய பத்திரிகைக் கட்டுகளைச் சிறுவன் அப்துல் கலாம் எடுத்துப் போய் வீடு வீடாகப் போட்டது அப்போதுதான். பிறகு 1964 டிசம்பர் 22 இரவுப் புயல். தனுஷ்கோடியும் அதற்குப் போய்க்கொண்டிருந்த ரயிலும் போயின. அது வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்தது. தப்பியவர்களில் பலர் இங்கே வந்து குடிசை போட்டார்கள். கிளைப் பாதைதான் மிஞ்சியது. சாலைப் பாலம் வந்ததும் பேருந்துகள், 1994-இல் நகராட்சி, 2011 கணக்கெடுப்பில் 44,856 பேர். உங்கள் தெருவில் இருக்கும் பழைய குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள், புயலுக்குத் தப்பி வந்தவர்கள் ஒரு வீட்டிலாவது இருப்பார்கள். கிராமமாகவே இருந்திருக்கலாம் என்றால் அவர்களை எங்கே போகச் சொல்வது?

சரி, உங்கள் கிணற்றுக்கு வருகிறேன்.

நம் தீவு மணல். மழைத் தண்ணீர் அதில் இறங்கி, அடியில் இருக்கிற உப்புத் தண்ணீரின்மேல் மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீருக்கு எடை குறைவு, அதனால் மிதக்கிறது. பாலின்மேல் ஆடை மாதிரி மெல்லிய படுகை அது. கோயிலுக்குள் இத்தனை தீர்த்தக் கிணறுகள், அக்னி தீர்த்தக் கடல் கூப்பிடு தூரத்தில். ஆனாலும் அங்கே இறைக்கிற தண்ணீர் கடல்நீர் இல்லை. தனுஷ்கோடியில் பெண்கள் மணலைக் கையால் பறித்து, ஊறுகிற தண்ணீரைக் கிண்ணத்தால் மொண்டு குடம் நிரப்புவார்கள். எல்லாம் அந்தப் படுகையின் தயவு. வாளியால் இறைத்தவரை அதுவும் ஈடுகொடுத்தது. ஆழ்துளை போட்டு மோட்டாரால் உறிஞ்சும்போது மேலே நல்ல தண்ணீர் வற்ற வற்றக் கீழிருந்து உப்பு ஏறுகிறது. கடலில் முழுக்குப் போட்டவர் உப்புப் போக லாட்ஜில் மறுபடி குளிக்கிறார். அத்தனை அறைகளுக்கும் அந்தப் படுகைதான் தண்ணீர் கொடுக்க வேண்டும். போதாததற்கு முற்றம், சந்து எல்லாவற்றுக்கும் சிமென்ட் போட்டுவிட்டோம். பெய்கிற மழை மணலைத் தொடாமலே கடலுக்கு ஓடுகிறது. காவிரித் தண்ணீர் கடல் தாண்டிக் குழாயில் வருகிறது என்று நிம்மதியாக இருந்துவிட்டோம்.

எனக்குக் கோபம் இங்கேதான். எங்கள் பெரியவர்கள் பாலத்துக்காகத் தவம் கிடந்தார்கள், அது நியாயம். ஆனால் பாலம் கேட்ட வாய் எதுவும், என் வாயையும் சேர்த்து, மணலுக்காக ஒரு வார்த்தை கேட்கவில்லை. எத்தனை ஆழ்துளைக்கு இந்தத் தீவு தாங்கும், மணல்மேட்டில் எதுவரை கட்டலாம் என்று நகராட்சியான நாளிலேயே கணக்குப் போட்டிருக்க வேண்டும். இப்போதாவது வார்டுக் கூட்டத்தில் கேளுங்கள். மாமியாரையும் கூட்டிப் போங்கள். அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர் அவர், அவர் பேச்சுக்கு மதிப்பு இருக்கும்.

கிணற்றை மட்டும் மூடிவிடாதீர்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் தூர் வாருங்கள். முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்த மழையிலிருந்து மாடித் தண்ணீரை மணலும் கரியும் போட்ட தொட்டி வழியாக அதற்குள் இறக்குங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களையும் செய்யச் சொல்லுங்கள். ஒரு கிணறு மட்டும் செய்தால் பெரிதாக மாறாது. தை மாதம் ஒரு வாய் எடுத்துப் பார்த்துவிட்டு, கரிப்பு குறைந்திருக்கிறதா என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்