டாக்டரைக் கேளுங்கள்: சீட்டு இல்லாமல் அனுப்பலாமா?

கேள்வி: மூன்று வாரத்துக்கு முன் மாடு குறுக்கே வந்து, அண்ணன் பைக்கோடு விழுந்து தலையில் அடிபட்டார். பக்கத்திலிருந்த தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஏதோ ஊசி போட்டுவிட்டு முப்பதாயிரம் அட்வான்ஸ் கேட்டார்கள். கையில் நாலாயிரம்தான் இருந்தது. அண்ணியிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, 'தஞ்சாவூருக்குக் கொண்டுபோங்க' என்று அனுப்பிவிட்டார்கள். எங்களிடம் ஒரு சீட்டுகூடத் தரவில்லை. வாடகை வேனில்தான் போனோம். அண்ணன் தேறிவிட்டார். ஆனாலும் இப்படி அனுப்பலாமா டாக்டர்?
- வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: கூடாது அம்மா. அனுப்பியதையே தப்பு என்று சொல்ல மாட்டேன். ஸ்கேனும் மூளை அறுவை டாக்டரும் இல்லாத இடத்தில் தலைக்காயத்தை வைத்துக்கொண்டிருப்பது அதைவிட ஆபத்து. அனுப்பிய விதம்தான் தப்பு.

அரசு மருத்துவமனை கேஷுவாலிட்டியில் பல வருடம் இரவு டியூட்டி பார்த்தவன் நான். ஒருநாள் இரண்டு மணிக்கு ஒரு பையனை இறக்கினார்கள். அரைத் தூக்கம்; கூப்பிட்டால் முனகல். சட்டைப் பையில் பஸ் டிக்கெட் அளவுக்கு ஒரு துண்டுக் காகிதம்: 'மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார்.' அவ்வளவுதான். முழங்கையில் ஊசி குத்திய தடம் இருந்தது. என்ன ஊசி? தூக்க ஊசி என்றால் இந்த மயக்கம் அதனால் இருக்கலாம். இல்லையென்றால் மூளையில் ரத்தம் கசிகிறது. முதலில் பார்த்தபோது பேசினானா, கை காலை அசைத்தானா என்பதும் தெரியாது. கூட வந்த மாமாவோ, 'வெள்ளை மருந்து சார்' என்கிறார்! நல்ல சீட்டில் நாலு வரி இருந்தால் போதும், அந்தக் குழப்பமே வந்திருக்காது. என்னைக் கேட்டால் அந்தச் சீட்டும் சிகிச்சைதான். அதோடு, போகும் இடத்துக்கு ஒரு போன், வண்டியில் ஆக்சிஜன், கூடவே விஷயம் தெரிந்த ஒருவர்.

சரி, சட்டத்துக்கு வருவோம். ஸ்கூட்டரில் அடிபட்ட ஒருவரை, 'இது போலீஸ் கேஸ், 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மருத்துவமனைக்குப் போ' என்று அனுப்ப, அவர் வழியிலேயே இறந்தார். அந்த வழக்கில்தான், அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, உயிரைக் காப்பதுதான் முதல் கடமை, மற்ற சம்பிரதாயமெல்லாம் பிறகு என்று உச்ச நீதிமன்றம் 1989-ல் சொன்னது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவும் இதையே டியூட்டி டாக்டரின் கடமையாக வைத்திருக்கிறது.

இன்னொன்று உங்கள் அண்ணன் கதை மாதிரியே. 1992-ல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு கூலித் தொழிலாளியை, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பின. கடைசியில் தனியாரில் செலவழித்துப் பிழைத்தார். 1996-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அவசர சிகிச்சை மறுக்கப்பட்டது வாழும் உரிமையையே மீறியது என்பதுதான் தீர்ப்பு.

அண்ணி கையெழுத்துப் போட்ட தாளில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டுப் பாருங்கள். 'எங்கள் சொந்த விருப்பத்தின்பேரில் அழைத்துச் செல்கிறோம்' என்றுதான் பெரும்பாலும் இருக்கும். அழுதுகொண்டிருப்பவரிடம் பேனாவை நீட்டி வாங்கும் கையெழுத்து. அது இருப்பதாலேயே டாக்டரின் கடமை தீர்ந்துவிடாது, பயப்படாதீர்கள்.

முதலில் அங்கே செய்த சிகிச்சையின் பதிவேட்டு நகலை எழுத்தில் கேளுங்கள். மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிப்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அப்புறம் மாவட்ட இணை இயக்குநர், மருத்துவப் பணிகள் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். டாக்டர் மீது என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். நஷ்டஈடு வேண்டுமானால் நுகர்வோர் ஆணையம். அதற்கு இரண்டு வருடம் கெடு. இன்னொன்று: இன்னுயிர் காப்போம் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளில், சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது. நீங்கள் போன இடம் அந்தப் பட்டியலில் உண்டா என்று விசாரியுங்கள். இருந்தால் அட்வான்ஸ் கேட்டதே தனிப் புகார்.

அண்ணன் தேறிவிட்டார் என்கிறீர்கள். மூன்று வாரம்தானே ஆகிறது? தலைக்காயத்தில் ரத்தம் மெதுவாகக் கசிந்து, வாரங்கள் கழித்தும் காட்டும். தலைவலி கூடினாலோ, பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ அன்றைக்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். புகாரை அடுத்த வாரம் எழுதிக்கொள்ளலாம்.