போயாவைப் பார்த்துப் பயணம் வையுங்கள்: மட்டக்களப்பு பார்கள் பற்றிக் கேள்வி பதில்

கல்லடியில் பிறந்து, வயது ஐம்பதைத் தாண்டியும் ஊரை விட்டுப் போகாத ஆள் நான். வார இறுதிக்கு மட்டக்களப்பு வந்து நாலு இடம் ஏறி இறங்க நினைக்கிறவர்கள் கேட்டதற்கெல்லாம் சேர்த்துப் பதில்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி: நாலு பேர் வருகிறோம். ஒரே இரவில் நாலைந்து பார் பார்க்கலாமா?

முதலில் கலண்டரைப் பாருங்கள் தம்பி. போயா நாளில், அதாவது பறுவ (முழுநிலா) விடுமுறையில், நாடு முழுக்க மது விற்பனை இல்லை, ஹோட்டலிலும் இல்லை. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீனைக் கேட்கப் பறுவ இரவுதான் நல்லது என்பார்கள். தோணியில் போய்த் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு, மற்ற முனையைக் காதில் வைத்துக் கேட்பது. ஆக மீன் பாடுகிற இரவில் பார் பூட்டு, பார் திறந்திருக்கிற இரவில் மீன் மௌனம். என் மச்சான் ஒருவன் கொழும்பிலிருந்து ஒன்பது மணித்தியாலம் ரயிலில் வந்து, போயாவன்று பழைய பாலத்தில் நின்று நெக்டோ சோடா குடித்துவிட்டுப் போனான்.

போயா இல்லையென்றாலும் நாலைந்து வேண்டாம். டவுன் பார்கள் அநேகமாக ஒரே மாதிரிதான்: கறுப்புத்தாள் ஒட்டிய கண்ணாடி, டியூப் லைட், பிளாஸ்டிக் கதிரை, சத்தமில்லாமல் ஓடும் கிரிக்கெட். ஒன்பது தாண்டினால் ஊர் அடங்கத் தொடங்கிவிடும். ஒரு மாலை புளியந்தீவுப் பக்கம், மறுநாள் கல்லடிக் கடற்கரைப் பக்கத்து ஹோட்டல், அவ்வளவு போதும். இரண்டுக்கும் நடுவில் பழைய பாலத்தில் நடந்தே போங்கள். வாவிக் காற்றுக்குக் காசில்லை.

லண்டனில் இருப்பவர்: பைட்ஸ் என்ன எடுப்பது?

கணவாய் டெவல். வெங்காயமும் கறிமிளகாயும் பாதி வேக்காட்டில் இருக்க வேண்டும், கணவாய் பல்லில் இழுபடக் கூடாது. இழுபட்டால் பழசு, அல்லது அடுப்பில் மறந்துவிட்டார்கள். வாவி நண்டு, இறால் இருக்கிறதா என்று கேளுங்கள். "இப்பதான் வந்தது" என்றால் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள். ஹோட்டலில் மெனு விலைக்கு மேல் 10 வீதம் சேவைக் கட்டணமும் 18 வீத வற்வரியும் ஏறலாம். பில் வந்த பிறகு சண்டை பிடிப்பதில் பயனில்லை.

திருகோணமலையிலிருந்து ஓர் அக்கா: பெண்கள் இருவர் வந்தால்?

1979இல் வந்த விதி ஒன்று பெண்களுக்கு மது விற்பதைத் தடுத்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாளிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த முடிவைத் திருப்பிப் பெறச் சொன்னார். நடைமுறையில், ஹோட்டல் மேசையில் பெண்களுக்கும் பரிமாறுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். டவுன் பாரில் யாரும் தடுக்காவிட்டாலும் அத்தனை கண்ணும் உங்கள் மேல்தான் இருக்கும். அது என் ஊரின் குறை, மறைக்கவில்லை. பாசிக்குடா ஹோட்டல்கள் உங்களுக்கு வசதி.

கண்டியிலிருந்து: கள்ளு கிடைக்குமா?

தவறணையில், அதாவது கள்ளுக்கடையில், கிடைக்கும். காலையில் போங்கள். இறக்கிய கையோடு குடிக்கும் தென்னங்கள்ளு இனிப்பும் நுரையுமாக இருக்கும், மத்தியானத்துக்குள் புளிப்பு ஏறிவிடும், மாலையில் தலைக்கும் ஏறும். முட்டியில் சுண்ணாம்பு தடவினால் புளிக்காது, அப்போது அது பதநீர். பிளாஸ்டிக் கோப்பையில் ஊற்றும்போது மேலே ஒரு தேனீ மிதந்தால் முகம் சுளிக்காதீர்கள், விரலால் எடுத்துவிட்டுக் குடிப்பார்கள். சாராயமும் இந்தக் கள்ளை வடித்துத்தான். மலிவான போத்தல்களில் வேறு ஸ்பிரிட்டும் கலந்திருக்கும், தலையிடி அதில்தான் வரும் என்பது என் அனுபவம். எங்கோ வளவுக்குள் கசிப்பு (களவாக வடிக்கிற சாராயம்) இருக்கிறது என்று யாராவது கூட்டிப்போனால் திரும்பி வந்துவிடுங்கள்.

கல்முனையில் வேலை பார்ப்பவர்: காத்தான்குடி?

முஸ்லிம் ஊர், பார் இல்லை. சாப்பிடப் போங்கள், ஆனால் வாயில் மணத்தோடு போகாதீர்கள்.

அதே ஆள்: அறுகம்பை?

அது அம்பாறை மாவட்டம், மட்டக்களப்பிலிருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல். எங்கள் ஆட்கள் உல்லை என்போம். மே முதல் ஒக்டோபர் வரை அலைச்சறுக்குக்காரர்களால் நிறைந்து கிடக்கும், இரவு நீளும். நீங்கள் தேடும் கொண்டாட்டம் அங்கேதான். ஆனால் போய்ப் படுத்து மறுநாள் வாருங்கள். குடித்துவிட்டு அந்த ரோட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது பைத்தியக்காரத்தனம், பொலிஸ் பிடித்தால் லைசன்சும் போகும். 21 வயது ஆகாத தம்பிமாருக்கு எங்கேயும் விற்க முடியாது, கேட்டுச் சங்கடப்படுத்தாதீர்கள்.

வெள்ளவத்தைத் தம்பி மறுபடியும்: ஒரு போத்தல் கள்ளு ரயிலில் கொண்டுவரலாமா?

வேண்டாம். கள்ளு போத்தலுக்குள்ளும் பொங்கிக்கொண்டே இருக்கும். என் மருமகன் மூடியை இறுக்கி முறுக்கிப் பைக்குள் வைத்தான். பொலன்னறுவை தாண்டும்போது "டப்" என்று ஒரு சத்தம். கல்யாணத்துக்கு எடுத்துப்போன சேட்டெல்லாம் வினாகிரி மணத்தோடு கொழும்பு போய்ச் சேர்ந்தன.